தகர டப்பாவைக் கடைசியில் அமுக்குங்கள்: உள்ளாட்சி ஆணையர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் 25 மாநகராட்சிகளின் ஆணையர்களுக்கும், நகராட்சி ஆணையர்களுக்கும், குப்பையைப் பிரித்து விற்கும் வள மீட்பு மையங்களைப் பார்த்துக்கொள்ளும் பொறியாளர்களுக்கும் சுகாதார ஆய்வாளர்களுக்கும்,

வணக்கம்.

உங்கள் மையங்களுக்கு நாள்தோறும் தகர டப்பாக்கள் வந்து சேர்கின்றன. எண்ணெய் டின், நெய் டின், பால்மாவு டப்பா, ரசகுல்லா டின், கரப்பான் ஸ்ப்ரே, பெயிண்ட் டப்பா என்று எல்லாமே வரும். நான் பார்த்த மையங்களில் இவற்றுக்கு நடப்பது ஒன்றுதான். பிளாஸ்டிக்கையும் அட்டையையும் பிரித்த பிறகு மிஞ்சுகிற உலோகமெல்லாம் ஒரு மூலையில் குவிகிறது. பேலிங் மெஷின் இருந்தால் அதில் போட்டு அமுக்கிக் கட்டு கட்டுகிறார்கள். இல்லாவிட்டால் சம்மட்டியால் தட்டி நசுக்குகிறார்கள். அப்புறம் அது கலப்பு இரும்பு என்ற பெயரில் காயலான் கடைக்கோ ஏலம் எடுத்தவருக்கோ போய்விடுகிறது.

அந்தக் கட்டுகள் கடைசியில் வந்து சேரும் உலைக்கூடத்தில் வேலை பார்த்தவன் நான். பழைய இரும்பை உருக்குகிற இண்டக்‌ஷன் உலை அது. அங்கே கண்டதை வைத்து உங்களிடம் ஒரே ஒரு கோரிக்கை வைக்கிறேன். தகர டப்பாவை அமுக்குவது கடைசி வேலையாக இருக்கட்டும். இப்போது அதுதான் முதல் வேலையாக இருக்கிறது. அந்த வரிசைப் பிழையால் பணம் போகிறது, நல்ல உலோகம் போகிறது, சில நேரம் உயிருக்கே ஆபத்து வருகிறது.

முதலில் டப்பாவைப் பற்றிக் கொஞ்சம். அது மெல்லிய எஃகுத் தகடு, கனம் 0.2 மில்லிமீட்டர் அளவில் இருக்கும், 15 கிலோ எண்ணெய் டின் இன்னும் கொஞ்சம் தடிமன். துரு பிடிக்காமல் இருக்க இரண்டு பக்கமும் வெள்ளீயம் பூசியிருப்பார்கள். ரசம் வைக்கிற ஈயச் சொம்பு எந்த உலோகத்தில் செய்யப்படுகிறதோ அதே உலோகம். சதுர மீட்டருக்கு ஒரு பக்கம் 2.8 கிராம் என்பது வழக்கத்தில் உள்ள பூச்சு அளவுகளில் ஒன்று. கணக்குப் போட்டால் டப்பாவின் எடையில் 0.3 சதவீதத்தை ஒட்டி வரும், அதாவது டன்னுக்கு மூன்று கிலோ சொச்சம். கேட்பதற்கு அற்பமாகத் தெரியும். ஆனால் வெள்ளீயத்தின் விலை அலுமினியத்தின் விலையைப் போலப் பல மடங்கு. நம் நாட்டில் சத்தீஸ்கரின் பஸ்தர் பகுதியில்தான் கொஞ்சம் தோண்டி எடுக்கிறார்கள். மற்றபடி பெரும்பாலும் இறக்குமதிதான்.

இது எவ்வளவு அருமையான உலோகம் என்பதற்குப் பழைய சான்று ஒன்று உண்டு. 1942-இல் ஜப்பான் மலாயாவையும் டச்சுக்காரர்களின் கிழக்கிந்தியத் தீவுகளையும் பிடித்ததும் அமெரிக்காவுக்கு வெள்ளீயம் வருவது அடைபட்டுப் போனது. உடனே அந்த நாட்டு அரசு வீடுவீடாகச் சொன்னது: டப்பாவைக் கழுவுங்கள், காகிதத்தைக் கிழித்து எடுங்கள், இரண்டு முனை மூடிகளையும் வெட்டுங்கள், காலால் மிதித்துத் தட்டையாக்கிக் கொடுங்கள். மிதிப்பது கடைசியில்தான் வருகிறது, கவனியுங்கள். கழுவுவதும் வெட்டுவதும் முடிந்த பிறகே தட்டையாக்கல்.

ஏன் அப்படி என்றால், டப்பாவிலிருந்து வெள்ளீயத்தை எடுக்கும் முறை அப்படி. சூடான காஸ்டிக் சோடா கரைசலில் தகரத்தை ஊறவைத்தால், கூடவே சோடியம் நைட்ரேட் போன்ற ஒன்றும் இருந்தால், வெள்ளீயம் மட்டும் கரைந்து வந்துவிடும், எஃகு அப்படியே நிற்கும். பிறகு அந்தக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சி வெள்ளீயத்தை மீட்கிறார்கள். நூறு ஆண்டுக்கு மேற்பட்ட தொழில் இது. ஆனால் கரைசல் தகட்டின் ஒவ்வொரு மடிப்புக்குள்ளும் போக வேண்டும். கல் மாதிரி இறுக்கிக் கட்டிய கட்டுக்குள் அது போகாது. அதோடு உணவு டப்பாக்களின் உட்புறத்தில் அரக்குப் பூச்சு ஒன்று இருக்கும். அதையும் தாண்டினால்தான் வெள்ளீயத்தைத் தொட முடியும். அதனால்தான் டப்பாவை முதலில் துண்டு துண்டாகக் கிழிக்கிறார்கள். கிழிக்கும்போது பூச்சு உராய்ந்து பெயரும், வெட்டு விளிம்புகள் திறந்துகொள்ளும், உள்ளே ஒட்டியிருந்த எண்ணெயும் மண்ணும் உதிரும்.

அலுமினியம் கலந்திருந்தால் இந்த வேலை இன்னும் கெடும். வளையத்தைப் பிடித்து இழுத்துத் திறக்கிற மூடி பல தகர டப்பாக்களில் அலுமினியம்தான். காஸ்டிக் சோடாவில் அலுமினியம் விழுந்தால் கொதித்துக்கொண்டு ஹைட்ரஜன் வாயு கிளம்பும், காஸ்டிக்கும் வீணாகும். உலைக்குப் போனாலும் பயனில்லை, அங்கே அது எரிந்து கசடாகிவிடும். பழைய அலுமினியத்தை மறுபடி உருக்கினால், தாதுவிலிருந்து புதிதாக எடுப்பதற்கு ஆகும் ஆற்றலில் 95 சதவீதம் மிச்சம். அப்படிப்பட்ட பொருளைத் தகரக் கட்டுக்குள் வைத்து அமுக்கி இரும்பு விலைக்கு விற்கிறோம்.

சரி, வெள்ளீயத்தைப் பிரிக்காமலே உலையில் போட்டால் என்ன ஆகும்? எஃகு உருகும்போது வெள்ளீயம் கசடாக வெளியேறாது, உள்ளேயே தங்கிவிடும். பழைய இரும்பில் மோட்டார் சுருள், ஒயர் வழியாக ஏற்கெனவே செம்பு ஏறியிருக்கும். இரண்டும் சேர்ந்தால், பழுக்கக் காய்ந்த பில்லெட்டை, அதாவது வார்த்தெடுத்த எஃகுக் கட்டையை, கம்பியாக உருட்டும்போது மேற்பரப்பில் வெடிப்பு விழும். அந்தக் கம்பி கழிக்கப்பட்டுத் திரும்ப உலைக்கு வந்தாலும் வெள்ளீயம் போகாது. அதனால் உலைக்காரர் தகரக் கட்டைப் பார்த்ததுமே விலையைக் குறைக்கிறார். அவர் ஏமாற்றுகிறார் என்று நினைக்க வேண்டாம். கட்டுக்குள் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. தெரியாததற்குத்தான் அவர் விலை வைக்கிறார்.

இனி நான் மிகவும் வலியுறுத்த விரும்பும் விஷயத்துக்கு வருகிறேன். உலையில் எஃகு 1,600 டிகிரி வெப்பத்தில் இருக்கும். அதற்குள் ஈரம் போனால், நீர் ஒரு கணத்தில் ஆயிரம் மடங்குக்கு மேல் விரிந்து ஆவியாகும். உருகிய உலோகம் வெளியே தெறிக்கும். மூடிய டப்பாவும் அப்படித்தான், உள்ளே காற்று இருந்தாலும் சரி, தண்ணீர் இருந்தாலும் சரி. ஸ்ப்ரே டப்பா அதைவிட மோசம், ஏனென்றால் அதில் எரியும் வாயு மிச்சம் இருக்கும். மழையில் நனைந்த குவியலை அப்படியே அமுக்கிக் கட்டிவிட்டால் வெளிப்புறம் காய்ந்திருக்கும், நடுவில் தண்ணீர் நிற்கும். உலைமேடையில் நின்று கட்டைத் தள்ளுகிற தொழிலாளிக்கு அது தெரிய வழியே இல்லை. அவர் பெரும்பாலும் ஒப்பந்தத் தொழிலாளியாக, ஊரை விட்டு வந்த இளைஞராக இருப்பார். உருக்காலைகள் உள்ள கும்மிடிப்பூண்டியில் நடக்கக்கூடிய ஒரு விபத்துக்கு உங்கள் ஊரின் பேலிங் மெஷினில் விதை விழலாம். இதை எழுதத் தூண்டியதே அந்த எண்ணம்தான்.

உங்கள் பணியாளர்களுக்கும் இதே ஆபத்து உண்டு. ஸ்ப்ரே டப்பாவைச் சம்மட்டியால் அடிப்பதை நான் பார்த்திருக்கிறேன். தீப்பொறி ஒன்று போதும். அவற்றைத் தனித் தொட்டியில் போடச் சொல்லுங்கள். வாயுவைப் பிடித்துக்கொள்ளும் மூடிய துளையிடும் கருவி இல்லாத இடத்தில் யாரும் அவற்றைத் துளைக்கவோ நசுக்கவோ கூடாது. பெயிண்ட் டப்பாவையும் பூச்சிமருந்து டப்பாவையும் 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் வீட்டு அபாயக் கழிவில் சேர்த்திருந்தன. அவை உணவு டப்பாக்களோடு சேரவே கூடாது. பெயிண்ட் போக வேண்டுமென்று தீ வைத்துக் கொளுத்துவதும் கூடாது. அந்தப் புகையைச் சுவாசிப்பவர்கள் உங்கள் தூய்மைப் பணியாளர்கள்தான்.

அப்படியானால் சரியான வரிசை எது? டப்பா வந்ததும் கைப்பிரிப்பு: ஸ்ப்ரே, பெயிண்ட், பூச்சிமருந்து தனியே. அடுத்து காந்தம். தகரம் ஒட்டும், அலுமினியம் ஒட்டாது.  கண்ணால் பிரிக்கத் தடுமாறுகிற இடத்தில் காந்தம் தடுமாறாது. பிறகு ஒவ்வொரு டப்பாவிலும் துளை. பிறகு கிழிக்கும் இயந்திரம். இதில் சுத்தியல் வகையைவிட, எதிரெதிரே சுழலும் கத்திகள் கொண்ட வகையே நல்லது என்பது என் கருத்து. சுத்தியல் வகை தகரத்தை உருட்டிப் பந்தாக்கிவிடும், பந்துக்குள் அழுக்கும் அலுமினியமும் மாட்டிக்கொள்ளும். கத்தி வகையில் பட்டை பட்டையாக விழும். அப்புறம் சல்லடை உருளையில் மண்ணும் காகிதமும் உதிர்ந்து, மறுபடி ஒரு காந்தம். இந்த இரண்டாவது காந்தத்தை யாரும் விட்டுவிடக் கூடாது. மூடி அலுமினியம் கழன்று தனியாவது கிழித்த பிறகுதான். இத்தனையும் ஆன பின் அமுக்கலாம். அதுவும் வாங்குபவர் கேட்டால் மட்டும். வெள்ளீயம் எடுக்கும் ஆலைக்கு என்றால் உதிரியாகவே அனுப்ப வேண்டும். உலைக்கு என்றால் கட்டாக வேண்டும், ஏனென்றால் உதிரித் தகடு உருகுவதற்குள் எரிந்து வீணாகும்.

எல்லா ஊரும் கிழிக்கும் இயந்திரம் வாங்க வேண்டுமென்று நான் சொல்லவில்லை. சிறு நகராட்சிக்கு வரும் தகரம் அதற்குத் தீனி ஆகாது. ஒரு காந்தமும் நெம்புகோல் வைத்த ஒரு துளைக்கருவியும், மழை படாத கூரையும் அங்கே போதும். மாவட்டத்துக்கு ஒரு இடத்தில் கிழிக்கும் இயந்திரம் வையுங்கள், சுற்றியுள்ள ஊர்களெல்லாம் அங்கே அனுப்பட்டும்.

துளையிடுவதில் இன்னும் இரண்டு நன்மைகள் இருக்கின்றன. ஒருமுறை சமையல் எண்ணெய் அடைத்த தகர டின்னில் மறுபடி எண்ணெயோ நெய்யோ அடைக்கக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு விதி. முழு டின் எடைக்கு விற்பதைவிடக் கூடுதல் விலைக்குப் போகும் என்பதால் அது எங்கெங்கோ போகிறது. பூந்தொட்டிக்கும் தானியம் வைக்கவும் போனால் நல்லதுதான், ஆனால் எண்ணெய்க் கடைக்குத் திரும்பாது என்று யார் உறுதி சொல்ல முடியும்? அடியில் துளை போட்டுவிட்டால் அந்தக் கேள்வியே எழாது. இன்னொன்று, சுகாதார ஆய்வாளர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். வடகிழக்குப் பருவமழையில் டெங்குக் கொசு முட்டையிடத் தேடுவது துளையில்லாத டப்பாக்களில் தேங்கிய தண்ணீரைத்தான்.

வாங்குபவர் யார் என்று கேட்பீர்கள். பூச்சு மெலிந்துபோன இந்தக் காலத்தில் வெள்ளீயம் பிரிக்கும் ஆலை ஓட நிறையத் தகரம் வேண்டும். ஒரு மாநகராட்சி தனியாக அதை நம்ப முடியாது, மாநில அளவில் சேர்த்தால்தான் கூடும். அதுவரை கோயம்புத்தூரின் வார்ப்பட ஆலைகள் இருக்கின்றன. பம்பு உடலும் மோட்டார் உடலும் வார்க்கும் சாம்பல் நிற வார்ப்பிரும்பில் 0.05 முதல் 0.1 சதவீதம் வரை வெள்ளீயத்தை வேண்டுமென்றே சேர்ப்பதுண்டு. பியர்லைட் என்ற உள்ளமைப்பு உறுதிப்பட்டு வார்ப்பு கெட்டிப்படும். உலையில் போடும் சரக்கில் பத்தில் ஒரு பங்கு சுத்தமான தகரமாக இருந்தால் 0.03 சதவீதம் வெள்ளீயம் வரும். கம்பி ஆலைக்குக் குறையாகத் தெரிந்தது இங்கே உதவியாகிறது. எல்லா வார்ப்புக்கும் இது பொருந்தாது. இழுபடும் தன்மை தேவைப்படும் வார்ப்புகளில் வெள்ளீயம் கெடுதல். ஆனால் எதில் சேர்க்கலாம் என்று வார்ப்படக்காரருக்குத் தெரியும். அவருக்குத் தேவை, சரக்கு ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி வரும் என்ற நம்பிக்கை. அலுமினியம் இல்லாத, காய்ந்த, பெயிண்ட் கலக்காத தகரம் என்று எழுதிக் கொடுக்க முடிந்தால் கலப்பு இரும்பின் விலைக்கு அதை விற்க வேண்டியதில்லை.

பல ஊர்களில் உலர் கழிவு விற்ற காசு தூய்மைப் பணியாளர்களுக்கே பிரித்துத் தரப்படுகிறது. அப்படி இருக்கும்போது ஒரு டன் தகரத்தைக் கலப்பு இரும்பாக விற்பது அவர்களின் கைக்குப் போக வேண்டிய காசைக் குறைப்பதாகும். தனியாகப் பிரிக்கிற கூடுதல் உழைப்பும் அவர்களுடையது என்பதால், கூடுதல் விலையும் அவர்களுக்கே போக வேண்டும். காயலான் கடைக்காரர்களை ஒதுக்கிவிடாதீர்கள். உலோகத்தைத் தொட்டுப் பார்த்தே வகை சொல்லும் ஆட்கள் அவர்கள். ஏலத்தின் நிபந்தனைகளை எழுதும்போது அவர்களையும் கூப்பிட்டுப் பேசுங்கள்.

அடுத்த முறை உலோகக் கழிவு ஏலத்துக்கு விளம்பரம் கொடுக்கும்போது, கலப்பு இரும்பு என்ற ஒரே தலைப்பை மூன்றாகப் பிரியுங்கள்: தகரம், அலுமினியம், பிற இரும்பு. ஈரமில்லை, மூடிய டப்பா இல்லை, ஸ்ப்ரே டப்பா இல்லை என்று மையப் பொறுப்பாளர் ஒவ்வொரு லாரிக்கும் கையெழுத்திட்டு அனுப்பும் ஒரு பக்கப் படிவம் வையுங்கள். புதிய மையத்துக்கு இயந்திரப் பட்டியல் தயாரிக்கும்போது பேலிங் மெஷினுக்கு மேலே காந்தத்தையும் துளைக்கருவியையும் எழுதுங்கள். இந்த மூன்றுக்கும் புதிய சட்டம் எதுவும் வேண்டியதில்லை, உங்கள் கையெழுத்து போதும்.

இப்படிக்கு,
உலைக்கூடத்தில் வேலை பார்த்த ஒரு தொழிலாளி