மல்லாரிக்கும் நாலு வரி கொடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

எங்கள் ஊர்த் தேரோட்டச் செய்தியை உங்கள் பத்திரிகையில் படித்தேன். வடம் பிடித்துத் தொடங்கிவைத்தவர், அன்னதானம் கொடுத்தவர், பந்தோபஸ்துக்கு வந்தவர் எல்லோர் பெயரும் இருந்தது. தேருக்கு முன்னால் வெயிலில் ஊதிக்கொண்டே நடந்த நாதஸ்வரக்காரருக்கு மட்டும் ‘மேளதாளம் முழங்க’ என்ற இரண்டு சொல்தான். மனசு கேட்கவில்லை.

நான் மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்தவன். தேர் வரும் தெருவில் லைனை ஆஃப் செய்து, குறுக்கே போகும் ஒயரைக் கழற்றிவிடுவது எங்கள் வேலை. கரண்ட் நின்றதும் மைக் செட் எல்லாம் அடங்கிவிடும். அப்போதுதான் நாதஸ்வரமும் தவிலும் உள்ளபடி காதில் விழும். கம்பத்தின் மேல் இருந்தபடியே கேட்டுக் கேட்டுத்தான் எனக்கு இந்த ருசி வந்தது.

ஒரு வருஷம் இறங்கிப் போய்த் தவில்காரரிடமே கேட்டேன். “இது மல்லாரிங்க, கம்பீரநாட்டை ராகம்” என்றார். பாட்டு வரி கிடையாது, தாளக் கணக்குதான். சாமி புறப்பாட்டுக்கு உரியது, தேருக்கென்றே தனி மல்லாரி உண்டு என்றும் சொன்னார். அன்று ராத்திரி பழைய டைரியில் எழுதி வைத்தேன். அப்புறம் விடவில்லை, இருபது வருஷம் ஆகிறது. எழுத உட்கார்ந்தால் கேட்டதெல்லாம் மறுபடி காதுக்குள் வருகிறது. அந்தச் சந்தோஷத்துக்காகவே எழுதுகிறேன்.

இந்த வருஷம் தேர் முக்குத் திரும்பாமல் அரை மணி நேரம் நின்றது. அவ்வளவு நேரமும் நாதஸ்வரப் பெரியவர் தோடி ராகம் வாசித்தார். நடுவில் வாயில் வைத்து ஊதும் சீவாளியை மாற்றி, உதட்டில் நனைத்து, விட்ட இடத்திலிருந்தே பிடித்தார். முட்டுக்கட்டை போடுகிறவர்கூடக் கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். ராத்திரி பள்ளியறைக்கு நீலாம்பரி ராகம். அதை மூன்று தடவை அடித்து எழுதியும் எனக்கு இன்னும் சரியாக அமையவில்லை.

கல்கி ‘கர்நாடகம்’ என்ற பெயரில் ஆனந்த விகடனில் கச்சேரிகளைப் பற்றி எழுதினார். அவை பெரும்பாலும் சென்னைக் கச்சேரிகள். எங்கள் பக்கம் கோயில் வாசல்தான் சபா. அங்கே வாசித்ததையும் யாராவது எழுத வேண்டாமா?

இனி திருவிழாச் செய்தியில் நாதஸ்வரம் யார், தவில் யார், என்ன ராகம் வாசித்தார்கள் என்று நாலு வரி சேருங்கள். நிருபருக்கு அவ்வளவு நேரம் நிற்க முடியாது என்றால் சரி, நான் நின்று கேட்டு எழுதி அனுப்புகிறேன். இந்த வருஷத்துப் பக்கங்களின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மின்வாரிய ஊழியர்,
அரூர் வட்டம், தர்மபுரி மாவட்டம்