தமிழ் தெரிந்த ஒரு காது வேண்டும்: பள்ளி ஒலிப்பதிவுப் பயிற்சித் திட்டத்தின் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பொறுப்பாளர்களே,

வணக்கம். பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், தமிழ் வழி வகுப்புகள் நடக்கும் ஓர் உயர்நிலைப் பள்ளியின் ஆசிரியை நான். (ஆந்திரத்துச் சித்தூர் அல்ல. அங்கேயும் தமிழ்ப் பிள்ளைகள் படிக்கிறார்கள், அவர்கள் படும் பாட்டை அவர்கள்தான் எழுத வேண்டும்.)

நிறைவு விழாவில் என்ன நடந்தது என்பதை உங்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. மேடையில் இருந்தவர்கள் நீங்கள். மறுநாள் நான் கொடுத்த மனுவும் உங்கள் மேசையில்தான் இருக்கிறது. இரண்டு மாதமாகப் பதில் இல்லாததால் அதையே இப்போது எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன். கேட்பது ஒன்றே ஒன்று. உங்கள் பயிற்சி வகுப்பிலும், தொகுப்பு முகாமிலும், நடுவர் குழுவிலும் தமிழ் தெரிந்த ஒருவரை அமர்த்துங்கள். குழு வேண்டாம், தனிப் பிரிவு வேண்டாம். தமிழ் தெரிந்த ஒரு காது போதும்.

முதலில் நன்றியைச் சொல்லிவிடுகிறேன். திட்டம் நல்ல திட்டம். ஐந்து நிமிட ஒலிச்சித்திரம் ஒன்றைப் பிள்ளைகளே திட்டமிட்டு, எழுதி, பதிவு செய்து, வெட்டி ஒட்டி முடிக்க வேண்டும் என்று நீங்கள் சொன்னபோது, எங்கள் ஒன்பதாம் வகுப்பில் வாயே திறக்காத பிள்ளைகள் நான்கு பேர் முதலில் கை தூக்கினார்கள். முகத்தைக் காட்ட வேண்டாம் என்பதே அவர்களுக்குப் பெரிய விடுதலை.

எங்களிடம் ஒலிப்பதிவு அறை கிடையாது. வகுப்பறைக்கு மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை, பக்கத்தில் டிப்பர் லாரிகள் போகும் சாலை. வெளியே போனால் காற்று. பாலக்காட்டுக் கணவாயின் வாயில் குடியிருப்பவர்களுக்குக் காற்றைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. பனையோலைச் சலசலப்பு பதிவில் மழையாகத்தான் கேட்கும். அலைந்து திரிந்து கடைசியில் கிடைத்த இடம் மதிய உணவு அரிசி வைக்கும் அறை. மூன்று பக்கமும் ஆள் உயரத்துக்கு மூட்டைகள். கதவைச் சாத்திவிட்டுக் கை தட்டினால் எதிரொலியே இல்லை. பணம் கொடுத்துப் பஞ்சுத் தகடு ஒட்டியவர்களுக்குக் கிடைப்பது எங்களுக்குச் சாக்கு மூட்டையில் கிடைத்தது. சமையல்கார அக்கா வருவதற்குள், காலை ஏழு மணிக்கு, பிள்ளைகள் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து படிப்பார்கள். அரிசி வண்டு தாளின் மேல் ஊரும். ஊதித் தள்ளக் கூடாது, ஊதினால் மைக்கில் விழும். வண்டு வரியைத் தாண்டிப் போகும்வரை காத்திருந்து அடுத்த வரியைப் படித்த பிள்ளைகள் அவர்கள்.

உங்கள் கையேட்டில் சொல்லியிருப்பதை எல்லாம் செய்தோம். ஒரு தாளை மூன்றாக மடித்து நேரம், குரல், பின்னொலி என்று பிரித்துத் திட்டம் எழுதினோம். எங்கள் பிள்ளைகள் நிதானமாகப் படித்தால் நிமிடத்துக்கு 80, 90 சொற்கள் வருகின்றன என்று கடிகாரம் வைத்துக் கணக்கிட்டோம். மைக்கை வாய்க்கு நேரே வைக்காமல் ஒரு சாண் தள்ளிச் சற்றுப் பக்கவாட்டில் வைத்தோம், ‘ப’வும் ‘ப்ப’வும் வெடிக்காமல் இருக்க. பேசி முடித்த ஒவ்வோர் இடத்திலும் யாரும் மூச்சு விடாமல் 30 வினாடி நின்று அந்த இடத்தின் அமைதியையும் பதிந்துகொண்டோம். “அமைதியை எதற்கு டீச்சர் பதிய வேண்டும்?” என்று பிள்ளைகள் சிரித்தார்கள். வெட்டிய இடத்தை மூடுவதற்கு என்றேன். அந்த அமைதி எதை மூடப் போகிறது என்று அன்று எனக்கும் தெரியாது.

கையேடு மலையாளத்தில் மட்டும்தான் வந்தது. பரவாயில்லை, எனக்கு மலையாளம் படிக்க வரும். பத்து இரவு உட்கார்ந்து தமிழில் எழுதிக் கொடுத்தேன். உச்சரிப்புப் பயிற்சியைத்தான் மொழிபெயர்க்க முடியவில்லை. அது மலையாள நாக்குக்கு எழுதியது. முதல் கட்ட மதிப்பீட்டில் எங்கள் மாணவி ஒருத்தி ‘பூமி’ என்று படித்ததற்கு உச்சரிப்புப் பிழை என்று அரை மதிப்பெண் குறைத்தீர்கள். ‘ப’வில் மூச்சு இல்லையாம். ஐயா, எங்கள் நெடுங்கணக்கில் அந்த மூச்சுக்கு எழுத்தே கிடையாது. இல்லாத எழுத்தை அவள் எங்கே போய் உச்சரிப்பாள்?

அதைக்கூட விட்டுவிட்டேன். விட முடியாதது வேறு.

பிள்ளைகள் எடுத்துக்கொண்ட பொருள் கடைமடை வாய்க்கால். ஆழியாற்றுத் தண்ணீர் சித்தூர்ப் புழை என்னும் ஆற்றில் வந்து, மூலத்தறைத் தடுப்பணையில் பிரிந்து, வாய்க்கால் வாய்க்காலாக இறங்கி, கடைசி வயலுக்கு எப்போது வரும், வருமா என்பதுதான் கதை. தண்ணீர் திறந்த அன்று விடியற்காலை நான்கரை மணிக்குப் பிள்ளைகள் தங்கள் அப்பாக்களோடு கரையில் காத்திருந்தார்கள். காய்ந்த வாய்க்காலில் தண்ணீர் வரும்போது முதலில் தண்ணீர் கேட்பதில்லை. அது தள்ளிக்கொண்டு வரும் சருகுதான் கேட்கும். பாம்பு ஊர்வதைப் போலத் தொடங்கி, முறத்தில் புடைப்பதைப் போலப் பெரிதாகி, அதற்குப் பிறகுதான் சலசலப்பு. மைக்குக்குக் காலுறையை மாட்டிக் காற்றை மறைத்து அந்த 12 வினாடியைப் பிடித்திருந்தான் ஒரு பையன். அதையே தொடக்கமாக வைத்தார்கள். உங்கள் மதிப்பெண் தாளில் அதற்கு எதிரே எழுதியிருக்கிறது: “ஆரம்பத்தில் 12 வினாடி இரைச்சல், நீக்கியிருக்கலாம்.”

அடுத்தது பெரியவரின் குரல். ஒரு மாணவியின் அப்புச்சி (தாத்தா) அவர், கடைமடை விவசாயி. ஒரு வறட்சி ஆண்டைப் பற்றி அவர் சொன்னதை எழுத்துத் தமிழில் தருகிறேன்: “அந்த வருஷம் தண்ணீர் வந்துவிட்டது என்று எல்லாரும் சொன்னார்கள்.” இதைச் சொல்லிவிட்டுச் சற்று நிறுத்தினார். தொண்டையைச் செருமிக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, “எங்கள் வாய்க்காலுக்கு வரவில்லை” என்றார். அரிசி அறையில் எங்களுக்கே ஒரு கணம் பேச்சு வரவில்லை.

தொகுப்பு முகாமில் எங்கள் பதிவு ஐந்து நிமிடத்தைத் தாண்டி 20 வினாடி இருந்தது. நேரமும் முடிந்துகொண்டிருந்தது. உங்கள் பயிற்றுநர், நல்ல மனிதர், பொறுமைசாலி, “நான் சரிசெய்து தருகிறேன்” என்று வாங்கிக்கொண்டார். அவருக்குத் தமிழ் தெரியாது. ஒலியை வெட்டி ஒட்டும் ஆடாசிட்டி மென்பொருளின் திரையில் குரல் அலையாகத் தெரியும் அல்லவா, அந்த அலையைப் பார்த்தே வெட்டினார். பெரியவர் நிறுத்திய இடம் வாக்கியம் முடிந்த இடமாகத் தெரிந்திருக்கிறது. குரலைத் தாழ்த்தியதால் அடுத்த அலை சிறுத்து, ஏதோ முனகலாகத் தெரிந்திருக்கிறது. எடுத்துவிட்டார். பிள்ளைகள் பதிந்து வைத்திருந்த அந்த அமைதியைக் கொண்டே இடைவெளியைப் பூசி மெழுகினார். தொழில் தெரிந்தவர், தழும்பே இல்லை. இறுதிக் கோப்பை எங்களுக்குத் திருப்பிக் காட்டாமல் விழாவுக்கு அனுப்பிவிட்டீர்கள்.

விழாவுக்குப் பெரியவர் வந்திருந்தார். வெளுத்த வேட்டி, பேத்தி வாங்கிக் கொடுத்த முழுக்கைச் சட்டை. முன்வரிசையில் உட்கார வைத்தோம். ஒலிபெருக்கியில் அவர் குரல் வந்தது: “அந்த வருஷம் தண்ணீர் வந்துவிட்டது என்று எல்லாரும் சொன்னார்கள்.” அப்புறம் ஒரு புல்லாங்குழல். கூட்டம் கை தட்டியது. அவர் தட்டவில்லை, எதுவும் கேட்கவும் இல்லை. திரும்பும் பஸ்ஸில் கொழிஞ்சாம்பாறை தாண்டிய பிறகு மெதுவாகக் கேட்டார்: “நான் அப்படியா சொன்னேன், டீச்சர்?” பேத்தி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். “அப்புச்சி பொய் சொன்ன மாதிரி ஆகிவிட்டது” என்று மறுநாள்தான் என்னிடம் சொன்னாள். அன்றிலிருந்து அவள் அரிசி அறைக்கு வருவதில்லை.

இது 20 வினாடிக் கணக்கு அல்ல. பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி தமிழ்நாட்டிலிருந்து மணக்கடவு அணைக்கட்டுக்கு ஆண்டுக்கு 7.25 டிஎம்சி தண்ணீர் வந்ததா என்று ஒவ்வோர் ஆண்டும் விரல் விட்டு எண்ணும் ஊர் எங்கள் ஊர். இங்கே ஒரு கடைமடை விவசாயியின் வாயில் ‘வந்துவிட்டது’ என்பதை மட்டும் வைத்து ‘வரவில்லை’ என்பதை எடுத்துவிடுவது என்றால் என்ன பொருள் என்று உங்களுக்கும் தெரியும். தமிழில் ‘இல்லை’ கடைசியில்தான் வரும். வாலை நறுக்கினால் மாடு நிற்கும், எங்கள் வாக்கியம் நிற்காது. தமிழ் தெரிந்த ஒரு காது அந்த அறையில் இருந்திருந்தால் ஒரு நொடியில் “ஐயோ, அதை எடுக்காதீர்கள்” என்று சொல்லியிருக்கும். அந்த ஒரு காதைத்தான் கேட்கிறேன்.

விழா முடிந்து எங்கள் கைக்கு வந்த மதிப்பெண் தாளின் கடைசி வரி: “பாஷ வியக்தமல்ல.” மொழி தெளிவாக இல்லையாம். நடுவர்களுக்குத் தமிழ் புரியவில்லை என்று எழுதியிருந்தால் நேர்மையாக இருந்திருக்கும். உங்களில் பலரைத் தமிழ்ப் படத்தின் முதல் காட்சிக்குக் கோயம்புத்தூர் வரை போய்வருபவர்களாகவும் எனக்குத் தெரியும். வசனத்தைக் கூடவே சொல்வீர்கள். படத்துக்குப் போதுமான தமிழ் பதினான்கு வயதுப் பிள்ளைக்கு மதிப்பெண் போடும்போது மட்டும் எங்கே போய்விடுகிறது என்று தெரியவில்லை.

சொல்லத் தொடங்கினால் இன்னும் இருக்கிறது. 1956 நவம்பர் 1 அன்று மாநில எல்லைக் கோடு போட்டவர்கள் போட்டுவிட்டுப் போனார்கள். கோட்டுக்கு இந்தப் பக்கம் இருப்பவர்களுக்குப் பாடநூலின் தமிழ்ப் பதிப்பு ஓணத் தேர்வு முடிந்த பிறகு வருகிறது. சுற்றறிக்கை வருகிறது, தமிழில் வராது. தமிழாசிரியர் ஓய்வு பெற்றால் நாற்காலி இருக்கும், ஆள் வரமாட்டார். கோயம்புத்தூருக்குப் போனால் எங்கள் பிள்ளைகள் பேச்சைக் கேட்டு ‘மலையாளத்துப் பிள்ளைகளா?’ என்கிறார்கள். இங்கே வந்தால் ‘பாண்டிக்காரர்கள்’. இரண்டு பக்கமும் விருந்தாளியாக இருக்கும் கலையை நாங்கள் நன்றாகவே கற்றிருக்கிறோம். இதற்கும் ஒரு போட்டி வையுங்கள், முதல் பரிசு எங்களுக்குத்தான்.

மன்னிக்கவும். ஒலிப்பதிவைப் பற்றி எழுத வந்து எங்கேயோ போய்விட்டேன். உங்களில் யார் மேலும் எனக்குத் தனிப்பட்ட வருத்தம் இல்லை. வெட்டிய பயிற்றுநர் விஷயம் தெரிந்ததும் தொலைபேசியில் அழைத்து மன்னிப்புக் கேட்டார். தெரியாத மொழியை வெட்டும் நிலையில் அவரை வைத்தது திட்டம், அவரல்ல.

அதனால் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். அடுத்த கல்வியாண்டில் ஜூன் மாதம் பயிற்சி தொடங்கும் முன்பே தமிழ் தெரிந்த ஒருவரைக் குழுவில் சேர்த்துவிடுங்கள். ஆள் கிடைக்கவில்லை என்று சொல்லிவிடாதீர்கள். இந்தத் தாலுகாவிலேயே ஓய்வு பெற்ற தமிழாசிரியர்கள் எத்தனையோ பேர் வீட்டில் இருக்கிறார்கள், பஸ் கட்டணம் கொடுத்தாலே வருவார்கள். அதுவும் முடியாது என்றால் நானே சனிக்கிழமைகளில் வருகிறேன், கட்டணமும் வேண்டாம். எங்கள் பள்ளிப் பதிவுகளுக்கு மட்டும் மதிப்பெண் போட மாட்டேன், எழுதித் தருகிறேன். வெட்டிய கோப்பை வெளியிடும் முன் செய்தவர்களிடம் ஒருமுறை கேட்கக் கொடுங்கள். கையேட்டைத் தமிழில் அச்சிட வசதி இல்லையென்றால் என் பத்து இரவு எழுத்து இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்த மடலைத் தமிழில் எழுதியதற்கு வருத்தம் தெரிவிக்கவில்லை. மொழிச் சிறுபான்மையினர் பகுதியில் வாழும் நாங்கள் அரசு அலுவலகங்களுக்குத் தமிழில் எழுதலாம், பதிலும் தமிழில் வர வேண்டும் என்பது 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டத்தில் இருக்கிறது. பதிலை எழுதுவதற்கும் தமிழ் தெரிந்த ஒருவரை நீங்கள் தேடத்தான் போகிறீர்கள். தேடிக் கண்டுபிடித்தவரை அப்படியே முகாமுக்கும் அனுப்பிவிட்டால் இரண்டு வேலையும் முடிந்துவிடும்.

இத்துடன் ஒரு பென் டிரைவ் அனுப்பியிருக்கிறேன். பெரியவரின் முழுப் பதிவு, வெட்டாதது. அவர் நிறுத்துவது மூன்றாவது நிமிடம் 40ஆவது வினாடியில். அங்கே பேச்சு முடிந்துவிட்டது போலத்தான் தோன்றும். தயவுசெய்து நிறுத்திவிடாமல் இன்னும் ஐந்து வினாடி கேளுங்கள்.

இப்படிக்கு,
தமிழ் வழி உயர்நிலைப் பள்ளி ஆசிரியை ஒருவர்,
சித்தூர் தாலுகா, பாலக்காடு மாவட்டம்.