குரோஸ் கணக்கு

அன்புள்ள மருமகளுக்கு,

நீ அனுப்பிய மூன்று கதைகளையும் படித்துவிட்டேன். போனில் படித்தால் கண் எரிகிறது என்று பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கிற ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் போட்டு வாங்கினேன். மொத்தம் 14 பக்கம். கடைக்காரப் பையன் தாள்களை அடுக்கிக்கொண்டே கண்ணை ஓட்டியிருப்பான் போல. "அக்கா, மூணுலயும் கடைசிப் பக்கம் வரலையே, ஃபைல் சரியா வந்துச்சா?" என்று கேட்டான். "வந்தது அவ்வளவுதாம்ப்பா" என்றேன்.

அவன் தெரியாமல் கேட்டதுதான் இந்தக் கடிதத்துக்குக் காரணம்.

நீ கேட்டிருந்தது வேறு. எழுதுகிறவர்கள் எல்லாரும் விடியற்காலை நாலரைக்கு எழுந்து தினமும் ஆயிரம் வார்த்தை எழுதச் சொல்கிறார்கள், எனக்கு நைட் ஷிஃப்ட், ஆபீஸ் கேப் என்னை வீட்டு வாசலில் இறக்கிவிடுவதே நாலரைக்குத்தான், நான் எழுத்தாளராக முடியுமா அத்தை என்று கேட்டிருந்தாய். வங்கி வேலை, இரண்டு பிள்ளைகள், மாமியார், இத்தனைக்கும் நடுவில் 28 வருஷத்தில் ஒன்பது கதை அச்சில் பார்த்தவள் நான். என்னிடம் கேட்டால் என்ன சொல்ல முடியுமோ அதைச் சொல்கிறேன்.

இந்த விடியற்காலைச் சங்கதிக்குப் பேர்போன ஒருத்தர் உண்டு. ஆன்டனி டிரோலோப் என்ற ஆங்கில நாவலாசிரியர், 1815-ல் பிறந்தவர். தபால் இலாகாவில் வேலை பார்த்துக்கொண்டே எழுதி, மொத்தம் 47 நாவல் எழுதி முடித்தார். காலை ஐந்தரைக்கு மேஜையில் உட்கார்ந்துவிடுவார். கடிகாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு கால் மணி நேரத்துக்கு 250 வார்த்தை என்று கணக்கு. கேட்டால் மலைப்பாகத்தான் இருக்கும். ஆனால் அவரே தன் சுயசரிதையில் எழுதிய இன்னொரு விஷயத்தை யாரும் சொல்வதில்லை. அவரை எழுப்பிக் காபி கொண்டுவந்து கொடுக்கக் குதிரைலாயத்து ஆள் ஒருவர் இருந்தார். அதற்காக அவருக்கு ஆண்டுக்கு 5 பவுண்டு கூடுதல் சம்பளம். நாலரைக்கு நம்மை எழுப்பிக் காபி கொடுக்க யார் இருக்கிறார்கள், சொல்லு. அந்த நேரத்தில் எழுந்தால் காபி போடுகிற ஆளே நாம்தான்.

அதனால் அவர் எழுந்த நேரத்தை விட்டுவிடு. அவரிடம் எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு ஒன்று இருக்கிறது. உட்கார்ந்ததும் முதல் அரைமணி நேரம் முந்தின நாள் எழுதியதைப் படிப்பாராம். படித்துவிட்டுத்தான் புதிதாக எழுதுவார். இதை நான் ஐம்பது வயதுக்கு மேல்தான் பழகினேன். நேற்று விட்ட இடத்தின் சத்தம் காதில் விழுந்தால்தான் இன்றைக்கு அடுத்த வரி அதே குரலில் வருகிறது. உன் இரண்டாவது கதையில் டீக்கடைக்காரர் முதல் பக்கத்தில் ஒரு ஆளாகவும் மூன்றாம் பக்கத்தில் இன்னொரு ஆளாகவும் பேசுவது இதனால்தான் என்று நினைக்கிறேன். இடையில் எத்தனை நாள் விட்டாய்?

நேரம் போதவில்லை என்கிற கவலைக்கு நம்ம ஊர்ப் பக்கமே பதில் இருக்கிறது. பஸ்ஸில் கோவில்பட்டிக்குப் பக்கத்து இடைசெவலைத் தாண்டும்போதெல்லாம் நான் நினைத்துக்கொள்வேன். 1923 செப்டம்பர் 16-ல் அந்த ஊரில் கி. ராஜநாராயணன் பிறக்கிறார். சரியாக ஒரு வாரம் கழித்து, 23-ஆம் தேதி, அதே ஊரில் கு. அழகிரிசாமி. அழகிரிசாமி இளவயதிலேயே எழுதத் தொடங்கி, சென்னைக்கும் மலேயாவுக்கும் பத்திரிகை வேலைக்குப் போய், 46 வயதில் இறந்துபோனார். கி.ரா. ஊரில் விவசாயம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, முப்பதைத் தாண்டித்தான் கதை பக்கமே வந்தார். 97 வயது வரை இருந்தார். ஒரே கரிசல் மண், ஒரே வாரம். இதில் யாருடைய நேரத்தை நீ அளவாக எடுத்துக்கொள்வாய்? உனக்கு 26 வயதுதான் ஆகிறது. கேப்பில் வருகிற முக்கால் மணி நேரம் இருக்கிறது. அது போதும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

உன் ஆச்சி தீப்பெட்டி ஒட்டியதை நீ பார்த்ததில்லை. நான் பார்த்திருக்கிறேன், கூட உட்கார்ந்து ஒட்டியும் இருக்கிறேன். தீப்பெட்டி ஆபீஸிலிருந்து சாமான் வாங்கிவந்து, ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் திண்ணையில் உட்காருவோம். குண்டு பல்பு, பசைக் கிண்ணம், பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர். கணக்கு குரோஸில்தான். ஒரு குரோஸ் என்றால் 144 பெட்டி. கணக்கப்பிள்ளை முழுக் குரோஸைத்தான் சீட்டில் குறிப்பார். 140 பெட்டி ஒட்டியிருந்தாலும் அது குரோஸ் ஆகாது, கூலியும் இல்லை. எனக்குத் தூக்கம் கண்ணைச் சுழற்றும். "இன்னும் நாலுதாம்மா" என்று ஆச்சி எழுப்புவார். அந்தக் கடைசி நாலு பெட்டி கோணல்மாணலாகத்தான் இருக்கும். ஆனாலும் குரோஸ் குரோஸ்தான்.

கதையும் எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது. என் டிரங்குப் பெட்டியில் நாலு பக்கத்தோடு, ஆறு பக்கத்தோடு நிற்கிற கதைகள் பதினொன்று கிடக்கின்றன. எல்லாமே அருமையான ஆரம்பம். ரொம்ப நாள் எனக்கு அதில் ஒரு பெருமைகூட இருந்தது. பிறகுதான் புரிந்தது, முடிக்காத கதையில் யாரும் குற்றம் சொல்ல முடியாது என்பதற்காகத்தான் நான் முடிக்காமல் விட்டிருக்கிறேன். முடித்தால் அது சுமாரான கதை என்று எனக்கே தெரிந்துவிடும். முடிக்காத வரைக்கும் அது பெரிய கதை ஆகப் போகிற கதை. மருமகளே, நீயும் அந்தச் சுகத்தில்தான் இருக்கிறாயோ என்று சந்தேகப்படுகிறேன்.

முதல் ஐந்து பக்கம் எழுதிக் கற்றுக்கொள்ள முடியாத ஒன்று கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. எந்த முடிச்சைப் போட்டாய், எதை அவிழ்க்கிறாய், எதை அவிழ்க்காமல் விடுகிறாய் என்று அங்கேதான் தெரியும். பத்துக் கதையை ஆரம்பித்தவளுக்கு ஆரம்பிக்கத் தெரியும், அவ்வளவுதான். மோசமாக முடித்த ஒரு கதையைத் திருத்தலாம். பாதியில் நிற்கிறதை என்ன செய்வது?

அதற்கு, சின்னதாக எழுது. நைட் ஷிஃப்ட் பார்க்கிற பெண் மூன்று தலைமுறைக் கதையில் கை வைக்கக் கூடாது, இப்போதைக்கு. ஒரு பஸ் பயணம், ஒரு இரவு, இரண்டு பேர். உன் முதல் கதை அதுதானே. தீபாவளிக்கு முந்தின நாள் பெருங்களத்தூரில் நின்றுகொண்டு தெற்கே போகிற பஸ்ஸுக்குக் காத்திருக்கிற பெண். கூட்டத்தை நீ எழுதியிருக்கிற விதம் எனக்குப் பிடித்தது. அந்தத் தண்ணீர் பாட்டில் விற்கிற சிறுவன் நன்றாக வந்திருக்கிறான். ஆனால் பஸ் கிளம்பியதும் கதை நின்றுவிட்டது! பஸ் கிளம்பியபிறகுதானே அவளுக்கும் பக்கத்து சீட்டுக்காரிக்கும் ஏதாவது நடக்க முடியும்.

அந்தக் கதை ஏன் நின்றது என்று எனக்குத் தெரியும். போன மாசம் நீ போனில் அந்தக் கதை முழுவதையும் என்னிடம் சொன்னாய். உன் அப்பாவிடமும் சொல்லியிருக்கிறாய். அண்ணன் எனக்குத் திரும்பச் சொன்னார். ஆபீஸ் தோழிகளிடமும் சொல்லியிருப்பாய். ஆகா ஓகோ என்று எல்லாரும் சொல்லியாயிற்று. வாயால் சொல்லித் தீர்த்த கதையை எழுத உட்கார்ந்தால் கை ஓடாது, ஆறிப்போன தோசை மாதிரி ஆகிவிடும். அடுத்த கதையை முடிக்கிற வரைக்கும் யாரிடமும் மூச்சு விடாதே. நான் கேட்டாலும் சொல்லாதே.

அப்புறம் அந்த டீக்கடைக் கதை. 2012-ல் நடக்கிறது என்று நீயே எழுதியிருக்கிறாய். அதில் டீக்கடைக்காரர் ஒரு தீப்பெட்டிக்கு 2 ரூபாய் வாங்குகிறார். கோவில்பட்டிக்காரி எழுதுகிற கதையா இது? 2007-ல் 50 காசிலிருந்து 1 ரூபாய் ஆன தீப்பெட்டி, அப்புறம் 14 வருஷம் அதே விலையில் நின்றது. 2021 டிசம்பர் 1-ஆம் தேதிதான் 2 ரூபாய் ஆனது. இந்த ஊரில் படிக்கிற ஒவ்வொருவரும் அந்த இடத்தில் கதையை விட்டு வெளியே வந்துவிடுவார்கள். ஆனால் இதற்காக எழுதிக்கொண்டிருக்கும்போதே இணையத்தைத் திறந்து விலை தேடப் போய்விடாதே. போனால் ஒரு மணி நேரம் கழித்துச் சேலை விலை பார்த்துக்கொண்டிருப்பாய். நானும் அப்படித்தான். சந்தேகம் வருகிற இடத்தில் ஒரு நட்சத்திரக் குறி போட்டுவிட்டு மேலே போ. கதை முடிந்தபிறகு நட்சத்திரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொள்ளலாம்.

சில நட்சத்திரங்களுக்கு இணையத்தில் பதில் இருக்காது, நேரில் போகத்தான் வேண்டும். ராஜம் கிருஷ்ணன் தூத்துக்குடி உப்பளங்களுக்கே போய், அங்கே வேலை செய்கிறவர்களிடம் பேசிப் பழகித்தான் அவர்களைப் பற்றிய நாவலை எழுதினார். உனக்கு அவ்வளவு தூரம் வேண்டாம். டீக்கடையில் பத்து நிமிஷம் போனை உள்ளே வைத்துவிட்டு நின்றாலே போதும்.

காதைத் திறந்து வைப்பது பற்றி நான் புதிதாகச் சொல்ல எதுவும் இல்லை. கி.ரா. இந்தப் பக்கத்துப் பேச்சுச் சொற்களைத் திரட்டி 1982-ல் ஒரு அகராதியே கொண்டுவந்தார். நம் வீட்டில் பேசுகிற சொல்லுக்கு அகராதியா என்று அன்றைக்கு எனக்கு ஆச்சரியம். நான் செய்வது அதில் துளி. வங்கிக் கவுன்டரில் உட்கார்ந்திருந்த காலத்தில், பணம் கட்டும் சீட்டின் பின்பக்கத்தில், நகையை அடகு வைக்க வந்தவர்கள் சொன்ன வாக்கியங்களைக் குறித்துவைப்பேன். ஆள் பெயர் இல்லாமல், வாக்கியம் மட்டும். "திருப்பத்தான் போறேன், பேருக்கு வைக்கேன்" என்று ஒரு அம்மா சொன்னார். பேருக்கு என்ற அந்த ஒரு சொல்லிலிருந்து ஒரு கதை வந்தது. உனக்குப் போனிலேயே பேசிப் பதியலாம், பேசினால் தமிழில் எழுத்தாகவே வந்துவிடுகிறது. உரையாடல்களை அப்படி வாயால் சொல்லிப் பார். நாக்கு தடுக்குகிற இடம் எல்லாம் நீ புத்தகத் தமிழில் எழுதிய இடம்.

படிப்பதில் ஒரே ஒரு பழக்கம் மட்டும் சொல்கிறேன், மற்றது உனக்கே தெரியும். பிடித்த ஒரு கதையைக் கையால் முழுவதும் படியெடு. நான் அழகிரிசாமியின் 'ராஜா வந்திருக்கிறார்' கதையை ஒரு கோடை விடுமுறையில் நோட்டில் எழுதிப் பார்த்தேன். கண்ணால் படித்தபோது குழந்தைகள் விளையாட்டாகப் போட்டி போடுகிற பகுதியை வேகமாகத் தாண்டியிருந்தேன். கை வலிக்க எழுதும்போதுதான், அந்தப் போட்டியை அவர் ஏன் அவ்வளவு நேரம் நடத்துகிறார் என்று தெரிந்தது. தலைப்பில் இருக்கிற சொல் கடைசியில் ஒரு சிறுமியின் வாயில் வந்து விழுவதற்கு அங்கேயே வேலை ஆரம்பித்துவிடுகிறது. முடிவு என்பது கடைசிப் பக்கத்தில் யோசிக்கிற விஷயம் இல்லை என்று அன்றைக்குக் கற்றுக்கொண்டேன், கட்டைவிரல் வீங்கினாலும் பரவாயில்லை.

முடித்த கதையை உடனே அனுப்பாதே. ஒரு மாசம் ஊறட்டும். அந்த மாசம் அடுத்த கதையை எழுது. பிறகு எடுத்துப் பார்த்து, திருத்தி, அனுப்பு. அனுப்பும்போது பிரதி வைத்துக்கொள். இது என்ன பெரிய விஷயம் என்று உனக்குத் தோன்றும். 1994-ல் நான் கையெழுத்தில் 22 பக்கக் கதை ஒன்றை ஒரு பத்திரிகைக்கு அனுப்பினேன், பிரதி எடுக்காமல். ஜெராக்ஸ் காசை மிச்சம் பிடித்தேன். அது அங்கேயே தொலைந்தது. இரண்டு தடவை கடிதம் போட்டும் பதில் இல்லை. திரும்ப எழுத உட்கார்ந்தேன், வரவில்லை. இன்றைக்கும் அதில் ஒரு கிணற்றடிக் காட்சி மட்டும் நினைவில் இருக்கிறது. எந்தக் கதையை எங்கே, எந்தத் தேதியில் அனுப்பினாய் என்று ஒரு நோட்டில் எழுதிவை. பதில் வராமலே போகலாம். மூன்று மாசம் பார்த்துவிட்டு, இன்ன கதையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று ஒரு வரி எழுதிவிட்டு வேறு இடத்துக்கு அனுப்பு. கோபித்துக்கொண்டு முகநூலில் எழுதாதே.

மூன்றாவது கதையைப் பற்றி இதுவரை நான் பேசவில்லை. ஆச்சி கதை. ஆச்சி பசைக் கிண்ணத்தில் கை வைக்கிற இடத்தில் நின்றிருக்கிறது. அதை நீ முடிக்காததற்குக் காரணம் சோம்பல் இல்லை என்று எனக்குத் தெரியும். அதை இப்போது தொடாதே. அப்படியே இருக்கட்டும்.

பஸ் கதையை எடு. பெருங்களத்தூரில் ஏறியவளை விடியும்போது கோவில்பட்டியில் இறக்கிவிட்டுவிடு. நடுவில் விழுப்புரம், திருச்சி, மதுரை இருக்கின்றன, ஏதாவது ஒரு இடத்தில் பஸ் நிற்காமலா போகும். ஆறு பக்கம் போதும். மோசமாக இருந்தால் இருக்கட்டும். பொங்கலுக்கு வரும்போது பிரிண்ட் எடுத்துக்கொண்டு வராதே, இங்கேயே எடுத்துக்கொள்ளலாம். அந்தப் பையன் கடைசிப் பக்கம் வந்திருக்கிறதா என்று பார்க்கட்டும்.

அன்புடன்,
அத்தை

பின்குறிப்பு: ஆச்சி பசை தொட்டது ஆள்காட்டி விரலால் என்று எழுதியிருக்கிறாய். நடுவிரலால். ஆள்காட்டி விரலை எப்போதும் தனியாகத் தூக்கி வைத்திருப்பார், தலைமுடியை ஒதுக்க, எங்களைக் கிள்ள.