பூட்டிய பீரோவில் சிறுவர் புத்தகங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

மதுரையில் 2023 ஜூலையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கு மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பேத்தியை அழைத்துப் போகிறேன். சிறுவர் பிரிவுக்குள் நுழைந்ததும் என் கையை உதறிவிட்டு ஓடுவாள். தானே ஒரு புத்தகத்தை உருவி எடுத்து, சம்மணமிட்டு உட்கார்ந்து, படத்தின் மேல் விரலை வைத்து, "தாத்தா, இதைப் படிங்க" என்பாள். ஒரே யானைக் கதையை நான்கு முறை படித்துவிட்டேன், அலுக்கவில்லை.

ஆனால் அங்கே போக இரண்டு பஸ் மாற வேண்டும். எங்கள் பகுதிக் கிளை நூலகமோ ஐந்து நிமிட நடைதான். அங்கே சிறுவர் புத்தகங்கள் கண்ணாடி பீரோவுக்குள் பூட்டிக் கிடக்கின்றன. திறக்கச் சொன்னால், "பசங்க கிழிச்சிடுவாங்க சார்" என்கிறார்கள். சரி, கிழியட்டுமே! ஒட்டித் தர என்னைப் போல ஓய்வுபெற்றவர்கள் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறோம்.

1948-ஆம் ஆண்டுச் சட்டப்படி சொத்துவரியோடு நூலக வரியும் கட்டித்தான் வருகிறோம். பீரோவைத் திறந்து, பாய் விரித்து, சனிக்கிழமை மாலையில் ஒரு மணி நேரம் பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து வாசிக்க இடம் கொடுங்கள். கதை சொல்ல ஆள் இல்லையென்றால் நானே வருகிறேன்.

- ஒரு வாசகர், மதுரை