கேஸ் மாத்திரை எழுதும் முன்

எங்கள் ஊர் கிளினிக் டாக்டர்களுக்கு,

வணக்கம். சண்டைக்காக எழுதவில்லை. சரி, கொஞ்சம் கோபம் இருக்கிறது. வெளியே 60 டோக்கன் காத்திருக்கும்போது, வயிறு உப்புசம் என்று வரும் ஓர் அம்மாவுக்கு எவ்வளவு நேரம்தான் ஒதுக்க முடியும் என்பதும் புரிகிறது.

என் சித்திக்கு 54 வயது. நாலு மாதத்தில் மூன்று கிளினிக். மூன்றிலும் கேஸ் மாத்திரை, அந்த ரோஸ் கலர் சிரப், கிழங்கு சாப்பிடாதீங்க என்ற அறிவுரை. ஒன்றரை இட்லியிலேயே வயிறு நிறைந்துவிடுகிறது என்றார், ராத்திரி நாலு தடவை பாத்ரூம் போகிறேன் என்றார், உடனே சுகர் பார்த்தார்கள், நார்மல். பாவாடை நாடா எட்டாமல் பழைய நாடாவை வெட்டி ஒட்டுப்போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார், ஆனால் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. ஒரு கல்யாண வீட்டில் நாங்களே 'என்ன சித்தி, விசேஷமா?' என்று கிண்டல் செய்தோம், அந்தப் பாவம் எங்களுக்கும் உண்டு.

கடைசியில் யாரோ ஸ்கேன் எழுதினார்கள். இரண்டு சினைப்பையிலும் கட்டி, வயிறு முழுக்க நீர். மூன்றாம் கட்டச் சினைப்பைப் புற்றுநோய்.

எல்லாப் பெண்களுக்கும் ஸ்கேன் எடுங்கள் என்று கேட்கவில்லை. பிரிட்டனில் அறிகுறியே இல்லாத 2 லட்சம் பெண்களில் பாதிப் பேரை வருடக்கணக்கில் பரிசோதித்து, மற்றவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்து, சாவு எண்ணிக்கை குறையவில்லை என்று 2021-இல் அறிவித்துவிட்டார்கள். நான் கேட்பது அறிகுறியோடு உங்கள் எதிரே உட்கார்ந்திருப்பவரைப் பற்றி. உப்புசம், சீக்கிரம் வயிறு நிறைவது, அடிவயிற்று வலி, அடிக்கடி சிறுநீர், இவை புதிதாக வந்து மாதத்தில் 12 தடவைக்கு மேல் இருந்தால், முக்கியமாக 50 தாண்டியவர் என்றால், சிஏ 125 (இந்தப் புற்றுநோயில் கூடக்கூடிய ஒரு புரதம்) ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்கிறது அந்நாட்டு வழிகாட்டுதல், அதில் அளவு கூடியிருந்தால் ஸ்கேன். நம் ஊரில் தெருவுக்கு ஒரு ஸ்கேன் சென்டர் இருக்கிறது, இரண்டாவது தடவை அதே உப்புசத்தோடு வந்தால் மாத்திரையை மாற்றாமல் அங்கே அனுப்பலாமே.

இன்னொன்று. முகாமில் கர்ப்பப்பை டெஸ்ட் எடுத்தேன், நார்மல் என்று சித்தி சொன்னதும் ஒரு டாக்டர் 'அப்ப பயமில்லை' என்றாராம். அது கர்ப்பப்பை வாய்க்கான டெஸ்ட், சினைப்பையைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. உங்களுக்குத் தெரியாததா?

அப்புறம் குடும்பக் கதை. வயது, பிள்ளைப்பேறு இல்லாதது, எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பை உட்சவ்வு போன்ற திசு அதற்கு வெளியே வளர்வது) எல்லாம் ஆபத்தைக் கூட்டுபவைதான், ஆனால் பரம்பரை மரபணு மாற்றம் வேறு ரகம். பொதுவாக 100 பெண்களில் ஒருவருக்கு வரக்கூடிய நோய், பிஆர்சிஏ 1 என்ற மரபணுவில் மாற்றம் இருந்தால் சுமார் 40 பேருக்கு வரலாம். அது அப்பா வழியிலும் இறங்கும். 'அம்மாவுக்கு இருந்ததா?' என்று ஒரு டாக்டர் சித்தியிடம் கேட்டிருக்கிறார், இல்லை என்றதும் விட்டுவிட்டார். என் தாத்தாவின், அதாவது சித்தியுடைய அப்பாவின், தங்கை நாற்பது வயதில் மார்பகப் புற்றுநோயில் போனதை யாரும் கேட்கவில்லை, அதைச் சொல்ல வேண்டும் என்று சித்திக்கும் தோன்றவில்லை.

ஆறு கீமோ, ஒரு பெரிய ஆபரேஷன் முடிந்து சித்தி வீட்டில் இருக்கிறார். மரபணு சோதனையில் மாற்றம் இருப்பது உறுதியாகிவிட்டது. நானும் அதே தாத்தாவின் பேத்திதான். அடுத்த வாரம் என் அம்மாவைக் கூட்டிக்கொண்டு உங்களில் ஒருவரிடம் பரிந்துரைக் கடிதம் கேட்டு வருகிறேன், டோக்கன் போட்டுத்தான்.

இப்படிக்கு,
உங்கள் நோயாளி ஒருத்தி