மகனுக்கு, நேப்பியரிலிருந்து

நேப்பியர், நியூசிலாந்து,
24.10.2023

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுகிறேன். நாங்கள் நலமாக இருக்கிறோம். அம்மாவின் முழங்கால் வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது. ஜூலையில் உனக்கு அனுப்பிய பார்சல் போன வாரம் திரும்பி வந்தது. மேலே ஏதோ முத்திரை குத்தியிருந்தார்கள். தபால்காரர்கள் சில வேளை கதவு எண்ணைச் சரியாகப் பார்ப்பதில்லை. உள்ளே இருந்த கறுப்பு வெள்ளை மஃப்ளரை வாசல் கொளுக்கியில் மாட்டியிருக்கிறேன். பருத்தித்துறை வடைதான் வீணாகிப்போனது. அம்மா அந்தப் பொதியைக் கையில் வைத்துக்கொண்டே வெகுநேரம் நின்றாள். இந்தக் கடிதத்தைத் தங்கச்சியிடம் கொடுக்கிறேன். அவள் படம் எடுத்து உன் போனுக்கு அனுப்புவாள்.

நேரத்துக்குச் சாப்பிடு.

சனிக்கிழமை ரக்பி இறுதி ஆட்டத்தில் தோற்றுவிட்டோம். நீ பார்த்திருப்பாய். டாரனாகி 22, நம் ஹாக்ஸ் பே 19. அன்று காலையில்தான் நம் நாட்டு அணி ஆல் பிளாக்ஸ் பிரான்சில் நடக்கும் உலகக் கோப்பையில் அர்ஜென்டினாவை 44-6 என்று நொறுக்கினார்கள். தெருவெல்லாம் அதே பேச்சு. எனக்கு அது மனத்தில் ஒட்டவே இல்லை. நியூ பிளிமத்தில் நம் பையன்கள் என்ன செய்வார்கள் என்பதிலேயே நினைவு இருந்தது. மூன்றே மூன்று புள்ளி. ஒரு பெனால்டி உதை. அவ்வளவுதான் நமக்கும் கோப்பைக்கும் நடுவில் இருந்தது.

மாகாண அணிகளின் முதல் பிரிவுக் கோப்பையை ஹாக்ஸ் பே ஒருமுறைகூட வென்றதில்லை என்று நீ சின்ன வயதில் சொல்லிச் சொல்லி அழுவாய். 1976இலிருந்து நடக்கிற போட்டி. இந்த முறை கைக்கு எட்டியது. ஆனால் நான் சொல்ல வருவது வேறு. இப்படி ஒரு சீசனை நான் பார்த்ததில்லை. நீ பள்ளிக்கூடத்தில் இருந்த காலத்தை நினைத்துப் பார். 2008இலிருந்து பத்து ஆண்டுகளில் ஒன்பது முறை கேன்டர்பரி. ஆகஸ்டில் முதல் விசில் ஊதும்போதே கோப்பை அவர்கள் ஊர் கிறைஸ்ட்சர்ச்சுக்கு என்று எழுதி வைத்துவிடலாம். அதற்குப் பிறகு ஆக்லாந்து, இரண்டு முறை டாஸ்மன், வைகாட்டோ, வெலிங்டன், இப்போது டாரனாகி. ஆறு ஆண்டில் ஐந்து ஊர்கள். பெரிய ஆட்டக்காரர்கள் எல்லாம் பிரான்சுக்குப் போய்விட்டார்கள். இங்கே ஆடியவர்களில் பலர் வாரநாளில் வேறு வேலை பார்க்கும் பையன்கள். 14 அணிகளில் யார் யாரை வெல்வார்கள் என்று கடைசி நிமிடம் வரை சொல்ல முடியவில்லை. பழம் பொதி கட்டும் நம் பேக் ஹவுஸில் திங்கட்கிழமை காலை தேநீர் வேளையில் பாதிப் பேர் தலையைக் கையில் தாங்கிக்கொண்டிருப்பார்கள், மீதிப் பேர் பாடிக்கொண்டிருப்பார்கள். அடுத்த திங்கட்கிழமை இடம் மாறி உட்கார்ந்திருப்பார்கள். உன் அப்பப்பா வடக்கின் பெருஞ்சமர் கிரிக்கெட் நாட்களைப் பற்றிச் சொல்வாரே, அதே முகங்கள்.

வைத்திருக்கும் அணியை அதன் மண்ணில் வெல்பவர்கள் தூக்கிக்கொண்டு போகும் அந்த ரான்ஃபர்லி கேடயத்தைப் பற்றி உன்னிடம் பேச வேண்டும் என்று எத்தனை நாள் காத்திருந்தேன். வெலிங்டன் மண்ணில், 20-18 என்று வென்று எடுத்தோம். விசில் ஊதியதும் பக்கத்து வீட்டுக் கிழவர் செருப்பில்லாமல் ஓடி வந்து என்னைக் கட்டிப்பிடித்தார். அறுபதுகளில் நம் அணி கேடயத்தை 21 முறை காத்து நின்றதை அவர் இன்னும் நேற்று நடந்தது போலச் சொல்வார். அவர் போன பிறகு போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். 2020இல் ஒட்டாகோவிடமிருந்து எடுத்தபோது நீ டனீடினிலிருந்து அழைத்தாய். பேச்சு வராமல் கத்தினாய். எனக்கு ஒரு சொல்கூடப் புரியவில்லை, ஆனாலும் அந்தச் சத்தத்தைப் பல நாள் காதில் வைத்திருந்தேன். இந்த முறை போன் அடிக்கவில்லை. உனக்கு அப்போது அதிகாலை, தூங்கியிருப்பாய். பிறகு கொண்டாட்டத்தில் கேடயம் இரண்டாக உடைந்த செய்தி நாடு முழுக்கப் பரவியது. அதற்காவது நீ கோபப்பட்டு அழைப்பாய் என்று நினைத்தேன்.

லண்டன் ஹாரோவில் உன் சித்தி உன்னைப் பார்த்தாளாம். செவ்வாய்க்கிழமை மத்தியானம், கையில் ஒரு பெரிய பையோடு. நீ அவளைக் கவனிக்கவில்லை என்றாள். லீவு போட்டிருப்பாய் என்று சொன்னேன். அங்கே குளிர் தொடங்கியிருக்கும். அந்தத் தடித்த ஜாக்கெட்டைப் போடு. நேரத்துக்குச் சாப்பிடு.

பெப்ரவரியில் புயல் அடித்தபோது கரண்ட் இல்லை, போன் இல்லை. நீ லண்டனிலிருந்து எத்தனை பேரை அழைத்து எங்களைத் தேடினாய் என்று பிறகு தங்கச்சி சொன்னாள். உன்னைப் பற்றிப் பெருமையாக எல்லாரிடமும் சொன்னேன். உன்னிடம் சொல்லவில்லை. உன்னிடம், "டிக்கெட்டுக்குக் காசைக் கரைக்காதே, வேலையைப் பார்" என்று மட்டும் சொன்னேன். நாங்கள் எப்படி இருக்கிறோம் என்று தெரியாமல் நீ எத்தனை நாள் தவித்தாய். இப்போது எங்கள் முறை.

எஸ்க் பள்ளத்தாக்கில் வீட்டை இழந்த ஒருவர் என்னோடு பேக் ஹவுஸில் வேலை செய்கிறார். மூன்று மாதம் தன் வீட்டிலிருந்து சேற்றை வாரிக்கொண்டிருந்தார். ஆகஸ்டில் மக்லீன் பார்க் மைதானத்துக்கு அவரோடு போனேன். அவருடைய பூட்ஸில் கணுக்காலுக்கு மேலே ஒரு சாம்பல் கோடு. எவ்வளவு கழுவினாலும் போகவில்லை என்றார். நம் அணி ட்ரை போட்டபோது அந்த மனிதர் எழுந்து நின்று இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கினார். அப்படியே நின்றார், சத்தமே போடவில்லை. எனக்கு உன் ஞாபகம் வந்தது.

2013. அதை எழுதத்தான் இந்தக் கடிதத்தைத் தொடங்கினேன், மகனே. வேறு எதையெதையோ எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஒட்டாகோவை 20-19 என்று வென்று கேடயத்தைக் கொண்டுவந்த வாரம். சனிக்கிழமை மக்லீன் பார்க்கில் கவுன்டீஸ் மனுகாவோடு ஆட்டம். உன்னைக் கூட்டிப்போவதாக வாக்குக் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை உன் கணக்குப் பரீட்சைத் தாள் வந்தது. 72. உனக்கு முன்னால் ஐந்து பேர். நீ ஜெர்சியைப் போட்டுக்கொண்டு காலையிலிருந்தே வாசலில் உட்கார்ந்திருந்தாய். நான் உன்னை மேசைக்கு அழைத்துக் கணக்குப் புத்தகத்தைத் திறந்து வைத்தேன். 27-24 என்று தோற்றோம். அவர்கள் சரித்திரத்தில் முதல் முறையாகக் கேடயத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள். நம் ஊரில் அது ஒரு வாரம்கூடத் தங்கவில்லை. நீ ரேடியோவைக் காதில் வைத்துக்கொண்டு புத்தகத்தின் மேல் அழுதாய். நான் வந்து, "தோற்றவர்களுக்காக யாராவது அழுவார்களா?" என்று கேட்டேன்.

நீ உடனே கண்ணைத் துடைத்தாய். அதற்குப் பிறகு என் முன்னால் அழுததே இல்லை. பரீட்சையில் குறைந்தாலும் சொன்னதில்லை. காலில் அடிபட்டதைக்கூட மூன்று நாள் மறைத்தாய். அதை நான் கட்டுப்பாடு என்று நினைத்துப் பெருமைப்பட்டேன்.

அந்த இரண்டு டிக்கெட்டுகளும் முந்தைய நாளே வாங்கியவை. காசாக மாற்றவும் இல்லை, எறியவும் இல்லை. பாஸ்போர்ட் வைக்கும் தகரப் பெட்டியில், உன் பிறப்புச் சான்றிதழின் அடியில் இருக்கின்றன. அம்மாவுக்கும் தெரியாது. சனிக்கிழமை டாரனாகி ஆட்டம் முடிந்ததும் எடுத்துப் பார்த்தேன். எழுத்து மங்கிவிட்டது. தோற்றவர்களுக்காக அன்று நானும் அழுதேன். தங்கச்சி பார்த்துவிட்டாள். வேண்டுமானால் அவளிடம் கேட்டுக்கொள்.

உன் அறை அப்படியே இருக்கிறது. கட்டிலின் கால் ஒன்று ஆடியது, சரிசெய்துவிட்டேன். டிக்கெட்டுக்குக் காசைக் கரைக்காதே என்று பெப்ரவரியில் சொன்னேனே, அதை மறந்துவிடு. காசு நான் போடுகிறேன். எப்போது வந்தாலும் சரி, எதற்காக வந்தாலும் சரி, ஒன்றும் கேட்க மாட்டேன். அம்மா கேட்பாள், அவளை நான் பார்த்துக்கொள்கிறேன்.

கேடயம் இந்தக் கோடை முழுக்க நம் ஊரில்தான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு உலகக் கோப்பை இறுதி ஆட்டம், தென்னாப்பிரிக்காவோடு. உனக்கு அப்போது சனிக்கிழமை இரவு எட்டு. நானும் தங்கச்சியும் பார்ப்போம். ஏதாவது சாப்பிட்டுவிட்டு உட்கார். முடிந்ததும் போன் செய். தோற்றாலும் செய்.

அப்பா