யார்க் மதில் மேல் சந்தித்த அம்மாவுக்கு நன்றி

முதுகுப்பையோடு நானும் தோழியும் இங்கிலாந்திலுள்ள யார்க் நகரின் பழைய மதில் மேல் நடந்துகொண்டிருந்தோம். சுமார் 3.4 கிலோமீட்டர் நீளம், கட்டணமே கிடையாது. எங்களைப் போன்றவர்களுக்கு அதுவே பெரிய வரம். மின்ஸ்டர் பேராலயத்துக்கு மட்டும் நுழைவுச்சீட்டு வேண்டும். சரி, வெளியிலிருந்தே பார்த்துக்கொள்வோம் என்று முடிவு செய்திருந்தோம்.

கோபுரங்களையே பார்த்து நின்ற எங்களிடம் நீங்களாக வந்து பேசினீர்கள். "மாலைப் பாடல் வழிபாட்டுக்குப் போங்கள், அதற்குச் சீட்டு வேண்டாம்" என்று சொல்லி, வாசல் வரை கூடவே வந்தீர்கள்.

உள்ளே பாடகர் குழுவின் குரல் கல் வளைவுகளில் ஏறி ஏறிப் போனது. 1408இல் நிறைவடைந்த, வண்ணக் கண்ணாடியாலான கிழக்குப் பெருஞ்சாளரத்தைப் பார்த்துத் தோழி அழுதேவிட்டாள். அப்புறம் வெளியே வந்து உங்களைத் தேடினோம். பெயர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. மனமார்ந்த நன்றி, அம்மா.